காந்தி சட்டையைக் கழற்றிய வீடும், எங்க அய்யா சட்டை போட்ட கண்மாய்க்கரையும்

எங்க வீட்டுக் கூடத்தில் எங்க அய்யா படம் ஒன்று மாட்டியிருக்கிறது. டவுனில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எங்க பக்கம் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் படத்தில் அவர் வெள்ளைச் சட்டை போட்டு, பட்டன் எல்லாம் மாட்டி, நேராகப் பார்த்துக்கொண்டு இருப்பார். முகம் அவருடையதுதான். சட்டை அவருடையது இல்லை. அந்த உடம்பே அவருடையது இல்லை.

2006இல் அய்யா தவறினப்ப, மாலை போட்டு வைக்க ஒரு போட்டோ கிடைக்கவில்லை. என் தங்கச்சி கல்யாண ஆல்பத்தில் தேடினோம். எல்லாப் படத்திலும் அவர் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு, சாம்பார் வாளிக்குப் பின்னாடி ஓடிக்கொண்டிருக்கிறார். முகம் தெளிவாக விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் முடிந்த மறுநாள் பணம் வாங்க வந்த போட்டோக்காரர், பிலிமில் மிச்சம் இருந்ததைத் தீர்க்க, களத்துமேட்டில் வைத்து எடுத்தது. தலையில் முண்டாசு, கையில் பிரி, இடுப்பில் கோவணம். அவ்வளவுதான் உடுப்பு.

அதை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். அவரே கேட்டார், "சட்டை போட்டுவிட்டுருவமாண்ணே?" சரி என்றேன். கம்ப்யூட்டரில் யாரோ ஒருத்தர் உடம்பின் மேல் எங்க அய்யா தலையை வைத்துக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷமாக அந்தப் படத்துக்குத்தான் பூப் போடுகிறோம்.

போன மே மாதம் லீவுக்கு மெட்ராஸிலிருந்து மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பேத்திக்குப் பத்து வயசு, பேரனுக்கு ஏழு. பத்திரம், பட்டா எல்லாம் வைத்திருக்கிற ட்ரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அந்தப் பழைய போட்டோ கையில் சிக்கிவிட்டது. பேரன் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். "பூட்டன் ஜட்டியோட நிக்கிறாரு!" மகள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. ஸ்டுடியோவில் "சரி" என்று சொன்னவன் நான்தானே.

மறுநாள் காலையில் பிள்ளைகள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். மகள் கேட்டாள், "கோயிலுக்காப்பா?" "கோயிலுக்கும்தான். அதுக்கு முந்தி ஒரு வீட்டுக்கு."

அந்த வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னாடி, நாங்கள் சின்ன வயசில் மதுரைக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்க ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே, கரிசக்காடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை, சித்திரைத் திருவிழாவுக்கு, மாட்டு வண்டி கட்டி மதுரைக்குப் போவோம். ராத்திரியே கிளம்பிவிட வேண்டும். வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதுக்கு மேல சாக்கை விரித்து, கட்டுச்சோற்று மூட்டையோடு நாங்கள் படுத்துக்கொள்வோம். விடியும்போது திருப்பரங்குன்றம் மலை தெரியும். தென்கால் கண்மாய்க்கரையில் அய்யா வண்டியை அவிழ்ப்பார். மாட்டைக் குளிப்பாட்டுவார். தானும் முங்கி எழுந்திரிப்பார். அப்புறம் ஆத்தா மஞ்சப் பையிலிருந்து ஒரு வேட்டியையும் ஒரு சட்டையையும் எடுத்துக் கொடுக்கும். அதுவரைக்கும் கோவணமும் துண்டுமாக வண்டி ஓட்டி வந்த மனுஷன், அங்கே நின்று வேட்டி கட்டி, சட்டை போட்டு, பட்டனை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி மாட்டுவார். பழக்கம் இல்லாத விரல். திருவிழா முடிந்து திரும்பும்போது அதே கண்மாய்க்கரையில் வண்டி நிற்கும். சட்டை அவிழும். ஆத்தா மடித்துப் பைக்குள் வைத்துவிடும். அடுத்து அது வெளியே வருவது யாராவது கல்யாணத்துக்குத்தான்.

"ஏன்யா இங்க வந்து போடுறீக?" என்று ஒரு தடவை கேட்டேன். "டவுனுக்குள்ள போறோம்லடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதியை ரொம்ப நாள் கழித்து ஆத்தா சொன்னது. கல்யாணம் ஆன புதுசில் பருத்தி வண்டியோடு டவுனுக்குப் போன அய்யா, ஒரு காபிக் கடைப் பெஞ்சில் உட்காரப் போயிருக்கிறார். சட்டை இல்லாத ஆளெல்லாம் வெளியே நின்று குடி என்று எழுப்பிவிட்டார்களாம். அதிலிருந்து சட்டை இல்லாமல் அவர் மதுரைக்குள் நுழைந்தது கிடையாது.

சட்டை போட்ட அய்யா தோளில் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு மாசி வீதியில் நிற்பார். மீனாட்சி தேர் நாலு மாசி வீதியும் சுற்றி வரும். கூட்டத்துக்கு மேலே நான் மட்டும் உயரமாக இருப்பேன். அப்படி நாங்கள் நின்ற வீதிகளில் ஒன்று மேலமாசி வீதி. அங்கேதான் அந்த வீடு இருக்கிறது. அது இன்ன வீடு என்று அய்யாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்துகொண்டது முப்பது வயசுக்கு மேல்.

கதவு எண் 251ஏ, மேலமாசி வீதி. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கீழே கதர்க்கடை. மாடியில் காந்தி தங்கியிருந்த இடம். 1921இல் அது ராம்ஜி கல்யாண்ஜி என்ற குஜராத்திக்காரர் வீடு. அந்த வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி காலையில், சட்டையும் குல்லாயும் முழுநீள வேட்டியும் உடுத்திக்கொண்டிருந்த காந்தி, அதையெல்லாம் விட்டுவிட்டு, முழங்கால் அளவு துணி ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டு இந்த வீட்டைவிட்டு வெளியே வந்தார். 1948 ஜனவரி 30ஆம் தேதி சுடப்பட்டுச் சாகிறவரைக்கும் அதுதான் அவர் உடுப்பு. உலகத்துக்கே தெரிந்த அந்த உருவம் எங்க ஊர்த் தெருவில் ஒரு மாடிப்படியில் இறங்கி வந்ததுதான்.

படியேறும்போது பேத்தி கேட்டாள், "ஏன் தாத்தா கழட்டினாரு? வெயிலா?"

பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் முன்னாடியிருந்தே தொடங்க வேண்டும்.

காந்தி லண்டனில் படித்தபோது கோட்டு, டை, உயரத் தொப்பி என்று உடுத்தினவர். தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்தபோது, 1894இல், பாலசுந்தரம் என்று ஒரு தமிழர் அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார். ஒப்பந்தக் கூலி. முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம். துணி கிழிந்திருக்கிறது. அந்த நிலையிலும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெள்ளைக்காரன் முன்னால் கூலிக்காரன் தலைப்பாகையோடு நிற்கக் கூடாது என்று அங்கே பழக்கியிருந்தார்கள். காந்தியும் ஒரு துரை மாதிரிதான் அவருக்குத் தெரிந்திருக்கிறார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று காந்தி சொன்னாராம். அந்தத் தலைப்பாகை அவரை உறுத்தியது. தன் வாழ்க்கைக் கதையில் அதை எழுதியிருக்கிறார்.

1913இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த இந்தியத் தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தபோது, கோட்டை விட்டுவிட்டு, தலையை மழித்து, அந்தக் கூலிகளின் உடுப்பிலேயே கூட்டத்தில் போய் நின்றார். அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் நம்ம தமிழ் ஆட்கள் ஏராளம். ஆகவே மதுரையில் நடந்தது ஒரே நாளில் வந்த யோசனை இல்லை. ரொம்ப நாளாக ஒவ்வொன்றாகக் கழன்று வந்த உடுப்பு அது.

1921 அந்நியத் துணி மறுப்பு நடந்த வருஷம். ஜூலை 31ஆம் தேதி பம்பாயில் சீமைத் துணிகளை மலையாகக் குவித்து எரித்தார்கள். செப்டம்பர் 30க்குள் நாடு முழுவதும் அந்நியத் துணியை விட்டுவிட வேண்டும் என்று காங்கிரஸ் கெடு வைத்திருந்தது. காந்தியும் மௌலானா முகமது அலியும் ஒன்றாகத் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். செப்டம்பர் 14ஆம் தேதி வால்டேர் ரயில் நிலையத்தில் முகமது அலியைப் போலீஸ் கைது செய்துவிட்டது. காந்தி தன் பயணத்தை நிறுத்தாமல் சென்னைக்கு வந்து, அங்கிருந்து மதுரைக்கு ரயில் ஏறினார்.

அந்த ரயில் பெட்டியில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உடுத்தியிருந்தது சீமைத் துணி. கதர் வாங்குங்கள் என்று காந்தி கேட்டார். அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, கதர் விலை அதிகம், எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். அந்தப் பதில் அவரைத் தைத்துவிட்டது. சீமைத் துணியை விடு என்று சொல்கிறோம், கதர் வாங்கக் காசில்லை என்கிறான், அப்ப அவன் எதை உடுத்துவான்? கொஞ்சமாக உடுத்து, இடுப்புக்கு மட்டும் கட்டினால் போதும் என்று சொல்லலாம். ஆனால் தான் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு அதை எப்படி இன்னொருத்தனுக்குச் சொல்வது?

பின்னாளில் அவர் இதைப் பற்றி எழுதும்போது, நாலு அங்குல அகலத் துணியை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வாழ்கிற லட்சக்கணக்கான ஆட்களைப் பற்றிச் சொல்கிறார். நாலு அங்குலம்! கோவணம் கட்டினவனுக்குத்தான் அந்த அளவு தெரியும். அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் செருகுகிற எங்க அய்யா கோவணமும் ஏறக்குறைய அந்த அகலம்தான்.

கூட இருந்த ராஜாஜி போன்றவர்களுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை. ஜனங்கள் மிரண்டு போவார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார்கள் என்று பயந்தார்கள். காந்தி கேட்கவில்லை. முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார். அந்தக் கெடு முடிந்தும் சட்டை திரும்பி வரவில்லை. அந்த உடுப்பில் அவர் முதன்முதலாக மக்கள் முன்னால் நின்ற இடம் இன்றைய காமராஜர் சாலையில் இருக்கிறது. காந்தி பொட்டல் என்று கேட்டால் சொல்வார்கள், சிலை வைத்திருக்கிறார்கள்.

1931இல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோதும் அதே உடுப்புதான். மேலே ஒரு போர்வை. அப்படியே போய் ராஜா ஐந்தாம் ஜார்ஜையும் அரண்மனையில் பார்த்தார். அந்த வருஷ ஆரம்பத்தில்தான், வைஸ்ராய் மாளிகைப் படியில் ஒரு அரைநிர்வாணச் சாமியார் ஏறிப் போவதா என்று சர்ச்சில் பொரிந்து தள்ளியிருந்தார்.

மாடியில் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் இதையெல்லாம் கேட்டார்கள். பேரன் சிரிக்கவில்லை. ஒரு படத்துக்குப் பக்கத்தில் போய், காந்தி கட்டியிருந்த துணியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "பூட்டன் கட்டுனது இதைவிடச் சின்னது" என்றான். சரியாகத்தான் பார்த்தான். நாம் பேச்சுக்குக் கோவணம் என்று சொன்னாலும், காந்தி கட்டியது முழங்கால் வரைக்கும் வருகிற வேட்டி. உழவன் கட்டியது அதில் கால்வாசிகூட இல்லை.

பேத்திதான் என்னை மடக்கினாள். "தாத்தா, காந்தி சட்டை போடாத படத்தை இங்க இத்தனை மாட்டியிருக்காங்க. யாரும் அவருக்குக் கம்ப்யூட்டர்ல சட்டை போட்டுவிடல. பூட்டனுக்கு மட்டும் ஏன் போட்டுவிட்டீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கீழே இறங்கி வந்துவிட்டோம்.

கதர்க்கடையில் ஒரு வேட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நானும் பருத்தி போடுகிறவன்தான், கை எடை போட்டுப் பழக்கம். அந்த வேட்டி கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மூணு கிலோ பருத்தி அரைத்தால் ஒரு கிலோ பஞ்சு வரும், மீதி கொட்டை. அப்ப அந்த வேட்டிக்கு எங்க காட்டுப் பருத்தி ஒரு கிலோ போதும். கிலோவுக்கு எனக்குக் கிடைக்கிறது அறுபது எழுபது ரூபாய். வேட்டியில் ஒட்டியிருந்த விலை அதைப்போலப் பல மடங்கு. குறை சொல்லவில்லை. கையால் நூற்று, கையால் நெய்கிறவர் வயிற்றுக்கு அந்தக் காசு போக வேண்டும், அதுக்குத்தான் கதர். ஆனால் ரயில் பெட்டியில் அந்த ஆட்கள் காந்தியிடம் சொன்ன பதில் நூறு வருஷம் கழித்தும் என் வாயில் வந்து நின்றது. வேட்டியை வைத்துவிட்டு ஒரு துண்டு மட்டும் வாங்கினேன்.

எங்க அய்யா வாழ்நாள் முழுக்கக் கரிசலில் பருத்தி விளைவித்தவர். எத்தனை ஆயிரம் பேர் வேட்டிக்கு ஆகும் பஞ்சு அவர் காட்டிலிருந்து போயிருக்கும்! அவரிடம் இருந்தது ரெண்டு வேட்டி, ஒரு சட்டை.

அங்கிருந்து தமுக்கம் காந்தி மியூசியத்துக்குப் போனோம். அது ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த கட்டடம். 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு வந்து மியூசியமாகத் திறந்து வைத்தார். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறைத் துணி அங்கே இருக்கிறது. பிள்ளைகள் ரெண்டு பேரும் அதன் முன்னால் வெகுநேரம் பேசாமல் நின்றார்கள். மேலமாசி வீதியில் தொடங்கினது கடைசியில் வந்து சேர்ந்த இடம், இன்னொரு மதுரை வீடு.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகத் தென்கால் கண்மாயைக் காட்டினேன். "இங்கதான் உங்க பூட்டன் சட்டை போடுவாரு." பேத்தி கொஞ்ச நேரம் யோசித்தாள். "காந்தி மதுரைக்கு வந்து கழட்டினாரு. பூட்டன் மதுரைக்குள்ள போகப் போட்டாரு. அப்படித்தான தாத்தா?" அப்படித்தான் தாயி.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. காந்தி கழற்றினார் என்றால், அவரிடம் சட்டை இருந்தது. கழற்றவும் செய்யலாம், திரும்பப் போடவும் செய்யலாம், ரெண்டும் அவர் கையில். எங்க அய்யாவை யார் கேட்டார்கள்? அவரைவிடக் கீழே வைக்கப்பட்டவர்கள் கதை இன்னும் மோசம். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது, சட்டை போடவே கூடாது என்று சாதியைச் சொல்லித் தடுத்த ஊர்கள் நம்ம தென்மாவட்டங்களிலேயே இருந்தன. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த மக்கள் பிள்ளைகள் தலையெடுத்ததும் முதல் வேலையாக வெள்ளைச் சட்டை தைத்துப் போட்டார்கள் என்றால் அதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது! லண்டன் வட்டமேசை மாநாட்டில் காந்தி அரையாடையில் உட்கார்ந்திருந்த அதே 1931இல், அதே மாநாட்டில், அம்பேத்கர் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் ஏழைகளோடு சேரக் கழற்றினார். இன்னொருத்தர், தன் மக்களுக்கு மறுக்கப்பட்டதை உடுத்திக் காட்டினார். எங்க அய்யாவுக்கு இந்த ரெண்டு பேர் அரசியலும் தெரியாது. ஆனால் கண்மாய்க்கரையில் கோவணமும் சட்டையுமாக ரெண்டையும் செய்து பார்த்தவர் அவர்.

மறுநாள் பழைய போட்டோவை எடுத்துக்கொண்டு அதே ஸ்டுடியோவுக்குப் போனேன். பழையவர் இல்லை, அவர் மகன் இருக்கிறார். "சட்டை போடாம, உள்ளது உள்ளபடியே பெருசாக்கிக் குடு தம்பி" என்றேன். பிரேம் போட்டு வாங்கி வந்து, சட்டைப் படத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறினேன். என் வீட்டுக்காரி, "சொந்தபந்தம் வந்தா என்ன நினைப்பாக?" என்றாள். அதுக்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். பதில் இல்லாத கேள்வி திண்ணையிலிருந்து வந்தது. ஆத்தாவுக்கு இப்ப எண்பது வயசு, காது மட்டும் நல்லாக் கேட்கும்.

"அந்தச் சட்டைய ஏண்டா கழட்டுற? அவரு ஆசப்பட்டுப் போட்டதுல்ல அது?"

"அது அவரு சட்டை இல்ல ஆத்தா, ஸ்டுடியோக்காரன் போட்டுவிட்டது."

"எவன் போட்டுவிட்டா என்ன? அவருக்கு அது புடிக்கும்."

ஸ்டூலில் நின்றபடி கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொரு ஆணி அடித்தேன். இப்போது எங்க வீட்டுக் கூடத்தில் அய்யா ரெண்டு பேராக இருக்கிறார். ரெண்டுக்கும் பூ வைக்கிறோம். போன வாரம் போனில் பேரன் கேட்டான், "தாத்தா, முண்டாசுப் பூட்டன் படத்தை எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்புவீங்களா? ஸ்கூல்ல காட்டணும்." அனுப்பிவிட்டேன்.

மதுரைக்கு வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு, நாயக்கர் மஹாலைப் பார்த்துவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயில் ஏறிவிடுகிறீர்கள். அடுத்த தடவை பிள்ளைகளோடு வந்தால் மேலமாசி வீதியில் அந்தப் படியும் ஏறிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பழைய போட்டோ ஒன்றையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

இறவைப் பருத்தி வெடித்துக் கிடக்கிறது, எடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். மிச்சத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.